ஒரு சதுர்யுகத்தின் நாட்கணக்கு

சித்திரை பிறப்பதற்கு ஒரு கிழமை இருக்கும்போதே, திருகோணமலைப் பாலையூற்றிலுள்ள எங்கள் வீட்டு முன்விறாந்தையில், கதவுநிலைக்குப் பக்கத்து ஆணியில் சணல்நூல் கோத்துத் தொங்கும் பஞ்சாங்கத்தை இறக்கி, புதிய வருஷம் எத்தனை மணிக்குப் பிறக்கிறது, மருத்துநீர் வைக்கும் புண்ணியகாலம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது, கைவிசேஷத்துக்கு உகந்த நேரம் எது என்று பார்த்து, அவற்றை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிச் சாமியறைக் கதவில் ஒட்டிவைப்பது என் தகப்பனார் காலந்தொட்டு வரும் வழக்கம். 2025ஆம் ஆண்டு விசுவாவசு வருஷப் பிறப்புக்கு அந்த வேலையைப் பத்து வயதுப் பேத்தியிடம் ஒப்படைத்தேன். பிள்ளை பஞ்சாங்கத்தை ஒரு பக்கமும் அன்றைய பத்திரிகையை மறுபக்கமும் விரித்துவைத்துக்கொண்டு நெடுநேரம் எழுதாமலே இருந்தாள்.

"அப்பப்பா, வாக்கியத்தில ஒரு நேரம் போட்டிருக்கு, திருக்கணிதத்தில வேறொரு நேரம் போட்டிருக்கு. வருஷம் ரெண்டு தரமே பிறக்கும்?"

ஒரு தரந்தான் பிறக்கும், சூரியன் மேஷராசிக்குள் புகுவது ஒரே கணத்தில்தான், அந்தக் கணம் எது என்பதில்தான் இரண்டு கணக்கு இருக்கின்றது என்று சொன்னேன். திருக்கணிதக்காரர் இக்காலத்து வானியலார் அளந்து தரும் நிலைகளைக் கொண்டு கணிக்கிறார்கள். வாக்கியக்காரர் பழைய முறையைக் கைவிடாதவர்கள். அதோடு அவள் விட்டிருக்கலாம். ஆனால், "அப்ப வாக்கியக்காரர் எந்த எண்ணை வைச்சு இதைச் சொல்லினம்?" என்று கேட்டாள். எந்த முறை என்று கேட்காமல் எந்த எண் என்று அவள் கேட்டது, எனக்கு நெடுங்காலமாகப் பிரியமான ஓர் எண்ணைப் பற்றிப் பேசுவதற்கு வாசல் திறந்துவிட்டது.

அவ்வெண் 1577917500. நூற்று ஐம்பத்தேழு கோடியே எழுபத்தொன்பது இலட்சத்துப் பதினேழாயிரத்து ஐந்நூறு. ஆரியபடரின் கணக்கில், நாற்பத்து மூன்று இலட்சத்து இருபதினாயிரம் வருஷங்கள் கொண்ட ஒரு சதுர்யுகத்தில் அடங்கும் நாட்களின் தொகை அது.

ஆரியபடர் தம் இருபத்து மூன்றாம் வயதில், கலியுகத்தில் 3600 வருஷங்கள் கழிந்திருந்த காலத்தில், அதாவது கிறிஸ்து சகாப்தம் 499இல் வாழ்ந்தவராகத் தம்மையே தம் நூலில் குறித்துக்கொள்கிறார். மேற்சொன்ன நாட்தொகையை அவர் நேராகக் கூறவில்லை. பூமி தன்னைத்தானே சுழல்கிறது என்று துணிந்து சொன்ன அவர், ஒரு சதுர்யுகத்தில் பூமி 1582237500 தடவை சுழல்வதாகவும் சூரியன் ராசிமண்டலத்தை 4320000 தடவை சுற்றிவருவதாகவும் வைத்தார். நட்சத்திரங்களைக் கொண்டு பார்த்தால் பூமியின் சுழற்சி ஒரு வருஷத்துக்கு நாட்களின் தொகையைவிட ஒன்று கூடுதலாக இருக்கும். பூமி ஒரு சுற்றுச் சுழன்று முடிப்பதற்குள் சூரியன் தன் பாதையில் சற்றே நகர்ந்துவிடுவதால், அதைப் பிடிக்கப் பூமி இன்னுங் கொஞ்சம் திரும்ப வேண்டியிருக்கிறது. ஆகவே முதல் எண்ணிலிருந்து இரண்டாம் எண்ணைக் கழித்தால், சூரியோதயத்திலிருந்து சூரியோதயம் வரையுள்ள நாட்களின் தொகையாகிய 1577917500 கிடைக்கிறது. இந்த நாட்தொகையைப் பூமியின் சுழற்சித் தொகையால் பிரித்துப் பார்த்தால், பூமியின் ஒரு சுழற்சிக்கு 23 மணி 56 நிமிடம் 4.1 விநாடி என்று வருகிறது. இன்றைய கருவிகள் சொல்லும் அளவும் அதுவே. வேற்றுமை விநாடியின் நூற்றிலொரு பங்களவுதான்.

இத்தனை பெரிய எண் எதற்கு? படிப்போரை மலைக்கவைப்பதற்காக என்று சிலர் நினைக்கிறார்கள். யுகக்கணக்கு முழுவதுமே வெறும் புராணப் பெருமை என்று தள்ளுவோரும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு நெல்மணியின் நிறையைக் கடைத் தராசு காட்டாது. ஒரு புசல் நெல்லை நிறுத்து, மணிகளை எண்ணி, நிறையைத் தொகையால் பிரித்தால் ஒரு மணியின் நிறை வந்துவிடும். ஒரு வருஷத்தில் 365 நாளும் ஒரு சிறு பின்னமும் இருக்கின்றன. அந்தப் பின்னத்தை எழுத்தில் எழுதுவதும் மனத்தில் வைத்திருப்பதும் கஷ்டம். ஆகையால் பின்னமே இல்லாதபடி, இத்தனை முழு வருஷத்துக்கு இத்தனை முழு நாள் என்று சொல்லிவிட்டார்கள். வேண்டியபோது திறந்து எடுத்துக்கொள்ளப் பின்னம் அந்த முழு எண்ணுக்குள்ளே பத்திரமாக இருக்கும்.

அதைத் திறக்கலாம் என்று பேத்தியின் அப்பியாசக் கொப்பியில் உட்கார்ந்தோம். இரண்டு பூச்சியங்களில் முடிவதால் எண் நூறால் பிரிபடும், வருவது 15779175. அது எழுபத்தைந்தில் முடிவதால் இருபத்தைந்தால் பிரிபடும்; வருவது 631167. அதன் இலக்கங்களைக் கூட்டினால் இருபத்து நான்கு, ஆகவே மூன்றால் பிரிபடும், வருவது 210389. இதுவரை வேலை எளிது. இனித்தான் எண் பிடிகொடுக்க மறுக்கிறது. ஏழால் பிரித்தால் நான்கு மீதி, பதினொன்றால் பிரித்தால் மூன்று மீதி, பதின்மூன்றால் பிரித்தால் பத்து மீதி. எங்கள் பாடநூல்கள் முதன்மை எண் என்றும் தமிழகத்துப் பாடநூல்கள் பகா எண் என்றும் சொல்லும் அவ்வகை எண்களில், ஏழு முதல் ஐம்பத்தொன்பது வரையுள்ள பதினான்கையும் ஒவ்வொன்றாக முயன்றோம். ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு மீதியை விட்டுச் சென்றது. பிள்ளை சலித்துப்போய்ப் பென்சிலைக் கீழே வைக்கும் தறுவாயில் 61 வந்தது. 61 × 3449 = 210389; மீதி இல்லை. பக்கத்தின் ஓரம் முழுவதும் மீதிகள் நிறைந்திருந்த அந்தக் கொப்பித்தாளில் முதன்முறையாகப் பூச்சியம் விழுந்ததைக் கண்டு அவள் கைகொட்டிவிட்டாள்.

3449ஐ மேலும் பிரிக்க முடியுமா என்று அவள் மறுபடியும் ஏழிலிருந்து தொடங்கப் போனாள், வேண்டாமென்று தடுத்தேன். 3449ஐ ஏதாவது ஒரு சிறிய எண் பிரிக்குமானால் அது 210389ஐயும் பிரித்திருக்க வேண்டும். ஐம்பத்தொன்பது வரை ஒன்றும் பிரிக்கவில்லை என்று இப்போதுதான் கண்டோம். அறுபத்தொன்றும் அதற்கு மேற்பட்டவையுமே மிச்சம். ஆனால் அறுபத்தொன்றை அறுபத்தொன்றால் பெருக்கினாலே 3721 ஆகி 3449ஐத் தாண்டிவிடுகிறது. ஆகவே 3449 முதன்மை எண்ணேதான். செய்த வேலையே செய்யவேண்டிய வேலையைத் தீர்த்துவைத்ததை அந்தப் பிள்ளை விளங்கிக்கொண்ட கணத்தில் அவள் முகத்தைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: கணிதத்தில் சுவை இருக்கிறதென்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆக, 1577917500 என்பது இரண்டு இரண்டுகள், ஒரு மூன்று, நான்கு ஐந்துகள், ஒரு 61, ஒரு 3449 ஆகியவற்றின் பெருக்கம். யுகவருஷத் தொகையாகிய 4320000ஐப் பிரித்தால் எட்டு இரண்டுகளும் மூன்று மூன்றுகளும் நான்கு ஐந்துகளும் மட்டுமே வருகின்றன. வேறொரு முதன்மை எண்ணும் அதில் இல்லை. எளிதில் பங்கிடத்தக்கதாக மனிதன் தெரிந்தெடுத்த எண் என்பது அதன் உடம்பிலேயே தெரிகிறது. நாட்தொகையோ ஆகாயத்தை நோக்கி அமைத்தது. அதனால்தான் 61, 3449 போன்ற முரட்டு எண்கள் அதற்குள் வந்து கிடக்கின்றன. இவ்விரு எண்களின் பொதுக் காரணிகளுட் பெரியது 7500. அதனால் இரண்டையும் பிரித்துவிட்டால் பிரமாண்டமான சதுர்யுகம் சுருங்கி, 576 வருஷத்துக்கு 210389 நாள் என்ற சிறிய வாய்பாடாக நிற்கிறது. நூற்று ஐம்பத்தேழு கோடியும் சொன்னது இவ்வளவே.

210389ஐ 576ஆல் பிரித்தால் 365 வரும், மீதி 149. ஒரு நாளில் 576இல் 149 பங்கு என்பது 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை. கடிகாரக் கணக்கில் 6 மணி 12 நிமிடம் 30 விநாடி. வாக்கியப் பஞ்சாங்கத்தின் வருஷப் பிரமாணம் இன்றும் இதுதான். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலிலிருந்து வரும் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கத்தைக் கடையில் வாங்கி ஆணியில் மாட்டும் நாங்கள், ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய ஒரு வகுத்தற் கணக்கின் மீதியையே வீட்டில் மாட்டிவைக்கிறோம்.

அந்த மீதியைக் கொண்டு 2025ஆம் ஆண்டின் பிறப்பை நாங்களே கணித்துப் பார்த்தோம். கலியுகம் தொடங்கி அப்போது 5126 வருஷங்கள் நிறைகின்றன. 5126ஐ 210389ஆல் பெருக்கினால் 1078454014. இதிலிருந்து 1237ஐக் கழிக்க வேண்டும். சோத்தியம் என்று சொல்லப்படும் இக்கழிவு ஏனென்றால், சூரியன் வருஷமெல்லாம் ஒரே வேகத்தில் செல்வதாகக் கற்பித்துக்கொண்ட கணக்கு ஒன்று, உண்மையில் விரைந்தும் தாமதித்தும் செல்லும் சூரியன் மற்றொன்று. மெய்யான சூரியன் மேஷத்தில் புகுவது அந்தக் கற்பிதச் சூரியனுக்கு இரண்டு நாளும் சிறிது நாழிகையும் முந்தி. கழித்து வந்த 1078452777ஐ 576ஆல் பிரித்தால் ஈவு 1872313, மீதி 489. கலியுகம் பிறந்த வெள்ளிக்கிழமையிலிருந்து அத்தனை நாட்கள் சென்றுள்ளன. அந்த நாட்தொகையை ஏழால் பிரித்தால் இரண்டு மீதி. வெள்ளிக்கு இரண்டு நாள் கழித்து ஞாயிறு. 489 பங்கென்பது ஞாயிறு சூரியோதயத்திலிருந்து 20 மணி 22 நிமிடம் 30 விநாடி. சூரியோதயத்தைக் காலை ஆறு மணி என்று கொண்டால், பின்னிரவு இரண்டு மணி கழிந்து இருபத்திரண்டாம் நிமிடம். கடிகாரத்துக்கு அது ஏப்பிரல் 14ஆந் தேதி திங்கட்கிழமை. சூரியன் உதிக்கும் வரை பொழுது மாறாத பஞ்சாங்கத்துக்கோ இன்னும் ஞாயிற்றுக்கிழமை. ஊருக்கேற்ற சிறு திருத்தங்களைப் பஞ்சாங்கக்காரர் இதற்கு மேல் சேர்ப்பார்கள்.

ஊர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் "இலங்கையில் சூரியோதயம்" என்பதையே தொடக்கமாகக் கொண்டது. அதைக் கேட்ட எங்களூர்ச் சிறுவர்கள் கோணேசர் மலையில் நின்று கடலுக்குள்ளிருந்து சூரியன் எழுவதைக் கண்டே ஆரியபடர் கணித்தார் என்று பெருமைப்பட்டுக்கொள்வது உண்டு. நானும் சிறுவயதில் அப்படி நம்பியவன். சித்தாந்த நூல்களின் இலங்கை, உஜ்ஜயினிக்கு நேர் தெற்கே பூமத்திய ரேகையில் கற்பித்துக்கொண்ட ஒரு புள்ளி. இன்றைய படத்தில் பார்த்தால் அங்கே கடலன்றி வேறில்லை. திருகோணமலை அந்தப் புள்ளிக்கு ஐந்து பாகைக்கு மேல் கிழக்கே, பூமத்திய ரேகைக்கு எட்டரைப் பாகை வடக்கே இருக்கிறது. ஆகவே எங்கள் சூரியன் அந்தக் கற்பித இலங்கையின் சூரியனுக்கு ஏறத்தாழ இருபத்திரண்டு நிமிடம் முந்தி உதிக்கிறான்.

பாலையூற்றில் லூர்து அன்னையின் திருத்தலமும் இருக்கிறது. சித்திரைப் பிறப்போடு ஒட்டியே பெரும்பாலும் உயிர்த்த ஞாயிறும் வரும். அந்தத் திருநாளின் தேதி வருஷந்தோறும் மாறுவதன் பின்னாலும் ஒரு பேரெண் இருப்பதை அயலவர் பலர் அறியார். 1582இல் பாப்பரசர் பதின்மூன்றாம் கிரெகோரி அமைத்த நாட்காட்டியில், உயிர்த்த ஞாயிற்றின் தேதிகள் அதே வரிசையில் மீண்டும் திரும்பி வருவதற்கு 5700000 வருஷங்கள், அதாவது 2081882250 நாட்கள் ஆகும். இந்த எண் ஏழால் மீதியின்றிப் பிரிபடும். ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுக்க முடியாத கணக்காகையால் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆரியபடரின் எண்ணை ஏழால் பிரித்தாலோ ஐந்து மீதி வரும். அவருக்குக் கிழமை முக்கியமில்லை. 576 வருஷத்தில் வருஷம் பிறக்கும் நாழிகை திரும்பி வந்துவிடும். கிழமை மட்டும் நான்கு தள்ளிப்போகும். நாழிகையும் கிழமையும் ஒருங்கே திரும்பி வர 4032 வருஷங்கள் வேண்டும்.

சூரிய சித்தாந்தம் என்னும் மற்றொரு நூல் இதே சதுர்யுகத்துக்கு 1577917828 நாள் என்கிறது. முன்னையதற்கும் இதற்கும் 328 நாளே வேற்றுமை; வருஷத்துக்கு ஏழு விநாடிகூட இல்லை. ஆனால் எண்ணின் குணம் அடியோடு மாறிவிடுகிறது. 4320000க்கும் இதற்கும் பொதுக் காரணியாக நான்கு மட்டுமே மிஞ்சுவதால், சுருக்கிப் பார்த்தாலும் 1080000 வருஷத்துக்கு 394479457 நாள் என்ற மலைதான் எதிரே நிற்கும். ஆரியபடர் மரபைத் தழுவிய வாக்கிய முறைக்கு 576 என்ற சிறிய எண் அகப்பட்டது எத்தனை பெரிய பேறு என்பதை, கருவியும் காகிதமும் இல்லாமல் கணித்தவர்களை நினைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அப்படிக் கணித்த ஒருவரை நேரில் கண்டு எழுதிவைத்தவர் ஜான் வாரன். சென்னை வானாய்வு நிலையத்தில் பணிபுரிந்த அவர் 1825இல் வெளியிட்ட காலசங்கலிதம் என்னும் நூலில், புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணியர் தரையில் சோழிகளை வைத்து நகர்த்தியபடி, மனத்தில் பதிந்திருந்த வாய்பாடுகளைக் கொண்டே அவ்வருஷத்து மே 31ஆந் தேதி இரவின் சந்திரகிரகணத்தைக் கணித்ததை விவரித்திருக்கிறார். கிரகணம் தொடங்கிய நேரத்தில் நான்கு நிமிடமே பிழை. நடுவிலும் முடிவிலும் பிழை கூடி, முடிவில் ஏறத்தாழ ஐம்பது நிமிடமாயிற்று. ஓட்டோ நொய்கெபவர் என்னும் கணித வரலாற்று அறிஞர் 1952இல் இந்த விவரத்தை ஆராய்ந்து தமிழ் வானியல் என்றே தலைப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்.

அந்தச் சோழிகளுக்குள் நகர்ந்தவையும் முழு எண்களே. சந்திரன் பூமிக்கு மிக அண்மையில் வந்து, விலகி, மறுபடி அண்மைக்கு வர 27 நாளும் அரை நாளுக்குச் சற்று மேலும் ஆகிறது. பின்னத்தை விலக்க வாக்கியக் கணியர்கள் கண்ட வழி, அத்தகைய ஒன்பது சுற்றுக்கு 248 நாள் என்பது. அந்த 248 நாட்களுக்கும் சந்திரன் நிலையைச் சொல்லும் 248 வாக்கியங்களை வரருசியின் பெயரால் மனனம் செய்தார்கள். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயர் வந்தது அவற்றால்தான். ஆனால் 248 என்ற எண் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றரை நிமிடம்வரை பிசகும். ஆகவே பன்னிரண்டு 248களுடன் 55ஐக் கூட்டி 3031 என்ற எண்ணை எடுத்தார்கள். அது 110 சுற்று. அதில் ஒரு சுற்றுக்கு வரும் பிழை அரை விநாடிக்கும் குறைவு! அதன்மேல் நான்கு 3031களுடன் ஒரு 248ஐக் கூட்டி 12372. அது 449 சுற்று. இந்த எண்களை மறவாமலிருக்க, மெய்யெழுத்துக்கு ஓர் இலக்கம் என்று வைக்கும் கடபயாதி முறையில் அவற்றைச் சொற்களாக்கினார்கள். தேவர என்ற சொல்லில் தே எட்டு, வ நான்கு, ர இரண்டு. வலமிருந்து வாசித்தால் 248. காலநில என்பது அவ்வாறே 3031. எண்ணை எழுதிவைக்க இடமில்லாதவர்கள் அதை நாவில் வைத்துக்கொண்டார்கள்.

இத்தனை சொன்ன பிறகும் அந்த எண்ணின் குறையை மறைப்பது அதற்கு மரியாதையாகாது. நட்சத்திரத்தைக் கொண்டு அளந்த வருஷத்தின் மேலதிகம், இன்றைய அளவில், 6 மணி 9 நிமிடம் 10 விநாடி. ஆரியபடர் சொன்னது வருஷத்துக்கு 3 நிமிடம் 20 விநாடி கூடுதல். ஆயிரத்து ஐந்நூறு வருஷத்தில் அது மூன்றரை நாளை நெருங்குகிறது. பருவங்களைக் கொண்டு அளந்தால் வருஷத்தின் மேலதிகம் இன்னும் குறைந்து, 5 மணி 48 நிமிடம் 45 விநாடியே ஆகும். ஆகையால் ஆரியபடர் காலத்தில் பகலும் இரவும் சமமாகும் மார்ச்சு மாதத்து நாளை ஒட்டி வந்த மேஷப் பிறப்பு, மெல்ல மெல்ல நகர்ந்து இன்று ஏப்பிரல் 14இல் வந்து நிற்கிறது. வாக்கியத்தைத் திருத்தவேண்டுமா என்று பண்டிதர்கள் நெடுங்காலமாக வாதாடுகிறார்கள். வானத்தைப் பார்ப்பதற்குத் திருக்கணிதமே சரி என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் எங்கள் வீட்டில் மருத்துநீர் வைப்பது வாக்கிய நேரத்தில்தான், அதை மாற்ற எனக்கு மனமில்லை.

அன்று பின்னிரவில் நேரம் பார்த்து எழும்பி மருத்துநீர் வைத்துக்கொண்டு, விடிந்ததும் கைவிசேஷமும் வாங்கிய பிறகு, பேத்தி அதே கொப்பியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அப்பப்பா, அடுத்த வருஷத்துக்கு முழுக்கப் பெருக்கத் தேவையில்லை, என்ன? 489ஓட 149ஐக் கூட்டினாச் சரிதானே?"

கூட்டினாள், 638. ஒரு நாளுக்குரிய 576ஐக் கழித்தாள், 62. ஆகவே 365 நாளோடு ஒரு நாள் கூட, ஞாயிற்றிலிருந்து இரண்டு நாள் தள்ளிச் செவ்வாய். 62 பங்குக்குச் சூரியோதயத்திலிருந்து சரியாக 2 மணி 35 நிமிடம். பராபவ வருஷம், 2026 ஏப்பிரல் 14, செவ்வாய்க்கிழமை, காலை 8.35 என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, பஞ்சாங்கத்தின் கடைசித் தாளுக்குள் செருகி, கதிரையில் ஏறி நின்று ஆணியில் மாட்டினாள்.